மொபகேயும் ராஜா விளையாட்டும்

கைபேசி விளையாட்டுகளைப் பற்றித் தெரியாமலிருப்பதை ஒரு தகுதியாகவே கருதுகிறவர்கள் நம்மிடையே உண்டு. குப்பை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். குப்பை என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் லட்சக்கணக்கான மனிதர்கள் தங்கள் இரவுகளைக் கொண்டுபோய்க் கொட்டும் இடத்துக்கு ஓர் உருவம் இருக்கிறது. உருவம் இருக்குமிடத்தில் விமர்சனத்துக்கும் வேலை இருக்கிறது. இன்னொரு பக்கம், ‘புதிய சமூகம்’ பிறந்துவிட்டது என்று கட்டுரை எழுதும் சமூகவியல்காரர்கள். முதல் கோஷ்டி பார்க்க மறுக்கிறது. இரண்டாவது கோஷ்டி பார்ப்பதற்கு முன்பே பெயர் வைத்துவிடுகிறது. எனக்கு இரண்டாவது கோஷ்டியிடம்தான் அதிகப் பயம்.

நான் எடுத்துக்கொள்வது ஜப்பானின் மொபகே. கைபேசியில் விளையாட்டையும் மனிதர் பழக்கத்தையும் ஒன்றாகப் பின்னிய முயற்சிகளில், தான் செய்வது என்ன என்று நன்றாகத் தெரிந்து செய்யப்பட்ட ஒன்று அது. மேலும், அதற்குள்ளிருந்தே ஒரு நாவல் வந்திருக்கிறது. மோசமான நாவல். ஆனால் தான் பிறந்த இடத்தைப் பற்றி அதற்குத் தெரிந்திருந்தது, அந்த இடத்தைப் பற்றி எழுதிய பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

டோமோகோ நம்பா என்ற பெண்மணி, மெக்கின்ஸி ஆலோசனை நிறுவனத்தை விட்டு வெளியே வந்து 1999-ல் தொடங்கிய கம்பெனி டிஎன்ஏ. ஆரம்பத்தில் இணையத்தில் ஏலம் விடும் வியாபாரம். 2006 பிப்ரவரியில் ‘மொபகே டவுன்’ திறந்தார்கள். அப்போது ஜப்பானியர் கையிலிருந்தது தொடுதிரைக் கைபேசி அல்ல; மடக்கி மூடுகிற, எண் பொத்தான்கள் வைத்த சாதனம். 1999 முதலே டோகோமோ கம்பெனியின் ஐ-மோட் வழியாக அதில் இணையம் வந்துகொண்டிருந்தது. அதில் வாங்கியதற்கெல்லாம் மாதக் கடைசியில் டெலிபோன் பில்லோடு சேர்த்துக் கட்டினால் போதும். இது சின்ன விஷயம் அல்ல. காசு கையை விட்டுப் போவதைக் கண் பார்ப்பதில்லை. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும்: நோட்டை எண்ணிக் கொடுக்கிறவன் இரண்டு தடவை எண்ணுவான், கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவன் ஒரு தடவைகூட யோசிப்பதில்லை.

மொபகேயில் விளையாட்டுகள் இலவசம். பிறகு எதை விற்றார்கள்? உள்ளே நுழைகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு சிறு பொம்மை உருவம் தரப்படும். அது அவன். அதற்கு முதலில் சாதாரண உடைதான். நல்ல சட்டை, தொப்பி, தலைமுடி, பின்னணியில் ஓர் அறை எல்லாம் வேண்டுமானால் ‘மொபகோல்ட்’ என்ற அவர்களுடைய தங்கம் வேண்டும். விளம்பரதாரர்களின் இடங்களில் போய்ப் பெயர் பதிந்தால் தங்கம் கிடைக்கும். புதிதாக ஒரு நண்பனை அழைத்து வந்தாலும் தங்கம். நட்பு முதலிலேயே வரவுப் பத்தியில் ஏறிவிட்டது. (ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டுகள் இதை நம் ஊரில் எப்போதோ செய்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் அதற்கு விளையாட்டு என்று பெயர் வைக்கவில்லை.)

அந்தச் சட்டையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும். அது குளிருக்கு உதவாது. போட்டுக்கொண்டவன் கண்ணாடி முன் நின்று சந்தோஷப்படவும் முடியாது. அதற்கு மதிப்பு வருவது இன்னொருவன் கண்ணில் படும்போது மட்டும். ஆக, மொபகே விற்றது சட்டை அல்ல, பிறத்தியான் பார்வை. விளையாட்டு என்பது ஆட்களை வரவழைத்து உட்காரவைக்கும் பந்தல். கூடிப் பழகும் வசதிகளை விளையாட்டோடு சேர்த்த அலங்காரமாக விவரிக்கிறவர்கள் தலைகீழாகப் பார்க்கிறார்கள்.

இருந்தும் அந்த முதல் மூன்று நான்கு வருஷத்து மொபகேயை நான் முழுவதுமாக நிராகரிக்க மாட்டேன். நாட்குறிப்பு எழுதலாம், அதற்குக் கீழே மற்றவர்கள் இரண்டு வரி போடலாம். பொதுவான ஏதோ ஓர் ஆர்வத்தைச் சொல்லிக் குழு அமைக்கலாம். சின்னக் கடிதம் அனுப்பலாம். கதையும் கவிதையும் எழுதிப் போடலாம். இவற்றில் பெரும்பாலானவை எந்தப் பிரயோஜனமும் இல்லாத பேச்சு. அதுதான் அதன் கௌரவம். நம் பாஷையில் ‘சும்மா’ என்று ஒரு சொல் இருக்கிறது. சும்மா வந்தேன், சும்மா உட்கார்ந்திருந்தோம். நட்புக்கு இதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியாது. ஒருவனோடு காரணமில்லாமல் அரை மணி உட்கார முடிந்தால் அவன் நண்பன். பள்ளிக்கூடம் விட்டு ரயிலில் வீடு திரும்பும் ஒரு ஜப்பானியப் பையன், முகம் தெரியாத ஒருவனிடம் இன்று மழை என்று எழுதுகிறான். அங்கேயும் மழையா என்று பதில் வருகிறது. இதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சட்டை வியாபாரம் அதன் ஓரத்தில் நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

2009 அக்டோபரில் ‘கைதோ ராயல்’ வந்தது. அதோடு இந்தச் சும்மா முடிந்தது.

கைதோ என்றால் மாயத்திருடன். ஆடுகிறவன் ஒரு திருடன். பொத்தானை அமுக்கி அமுக்கிக் காரியங்கள் செய்தால் அவ்வப்போது ஒரு பொக்கிஷம் கிடைக்கும். பொக்கிஷங்கள் ஜோடி ஜோடியாக, வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒரு வரிசை முழுதாகச் சேர்ந்தால் பரிசு. குறைகிற ஒன்றை இன்னொரு ஆட்டக்காரனிடமிருந்து திருடலாம். கம்ப்யூட்டர் உண்டாக்கிய பொம்மையிடமிருந்து அல்ல, எங்கோ ரயிலில் உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதனிடமிருந்து. அவனுக்கு அது தெரியவரும். அவன் திரும்ப வந்து திருடலாம், பொறி வைக்கலாம். கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டால் பலம் கூடும். காரியம் செய்யச் செய்யச் சக்தி குறைந்துகொண்டே வரும்; கடிகாரம் ஓட ஓட மெதுவாக மீளும். காத்திருக்க முடியாதவன் காசு கொடுக்கலாம்.

இந்த அமைப்பின் சாமர்த்தியத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சதுரங்கத்தில் எதிராளி எழுந்து போய்விட்டால் ஆட்டம் நின்றுவிடும். இங்கே எதிராளி இல்லாதபோதும் அவன் கை உங்கள் பெட்டிக்குள் இருக்கிறது. நீங்கள் தூங்கும்போது எடுக்கிறான். விழித்ததும் முதல் காரியமாகக் கைபேசியைத் திறக்கிறீர்கள், ஆட அல்ல, என்ன போயிற்று என்று பார்க்க. ஒரு கலைப்படைப்பு நம்மை விட்டு விலகிய பின்பும் மனதில் தொடர்வது வேறு. இது தொடர்வது பயமாக. இதற்குக் கிடைத்த பலன் கணக்கில் தெரிகிறது. 2010 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் டிஎன்ஏயின் வருவாய் சுமார் 4,800 கோடி யென். அடுத்த ஆண்டில் 11,000 கோடி யென்னைத் தாண்டியது.

அப்புறம் வந்தவை இதன் கிளைகள். 2011-ல் மொபகேயில் வந்த ‘ரேஜ் ஆஃப் பகாமுட்’ என்ற சீட்டாட்டம் 2012-ல் ஆங்கிலத்திலும் வந்தது. அதைக் கொஞ்ச காலம் ஆடியிருக்கிறேன். அதில் வேறொரு ஆட்டக்காரனின் பக்கத்துக்குப் போய் அவனை உற்சாகப்படுத்த ஒரு பொத்தான். அமுக்கினால் அமுக்கியவனுக்குப் புள்ளிகள் கிடைக்கும். அந்தப் புள்ளிகளை நான் ‘நட்புப் புள்ளி’ என்று அழைக்கிறேன்.   நட்புப் புள்ளிகள் சேர்ந்தால் ஒரு சீட்டு எடுக்கலாம். பெரும்பாலும் உதவாத சீட்டு. வேண்டுமானால் பொத்தானோடு ஒரு வரி எழுதியும் வைக்கலாம். நன்றி, மீண்டும் வருகிறேன், நல்வாழ்த்துகள். நான் வாழ்த்தினேன், எனக்கு வாழ்த்து வந்தது. பேர் தெரியாத ஐம்பது பேரிடமிருந்து ஒரே மாதிரி வாழ்த்து. பேரேட்டில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்கவேண்டும். அன்றைக்குக் கணக்கு நேராகும்வரை எழுந்துபோகக் கூடாது. அங்கே எனக்குக் கிடைத்த அனுபவம் ஏறக்குறைய அதேதான், சம்பளம் மட்டும் இல்லை.

மழையா என்று கேட்டவனுக்கும் இந்த வாழ்த்துக்கும் இடையில் நடந்தது என்ன? பேச்சு, ஆட்டத்தின் ஒரு நகர்வாகிவிட்டது. முன்னால் விளையாட்டுக்கு வந்தவன் பேசிக்கொண்டிருந்தான். இப்போது பேசினால்தான் விளையாட்டில் மேலே போகலாம். சொல் மாறவில்லை. நட்பு, கூட்டாளி, உதவி, பரிசு எல்லாம் அப்படியே இருக்கின்றன. உள்ளீடு போய்விட்டது. கவிதையில் இது நடக்கும்போது நாம் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம். சோகம், தனிமை, வெறுமை என்ற சொற்களை அடுக்கிவைத்தவனிடம் அனுபவம் இல்லை என்று சொல்லத் தயங்குவதில்லை. சொல்லைச் சுற்றி ஒரு வியாபாரமே எழுப்பப்படும்போது மட்டும் நமக்குக் கண் தெரிவதில்லை.

ஜப்பானிய அரசாங்கம் ஓரிடத்தில் கை வைத்தது. காசு கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் சீட்டுகளில் குறிப்பிட்ட சிலவற்றை முழுதாகச் சேர்த்தால் அரிய சீட்டு ஒன்று தருவது என்று ஒரு முறை இருந்தது. ‘கொம்பு கச்சா’ என்பார்கள். ஆறு சீட்டு சேர்க்கவேண்டும், ஒவ்வொன்றும் வரச் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்தும் சேரச் சராசரியாக 8.7 தடவை எடுக்கவேண்டும். ஆறாவது ஒன்றுக்கு மட்டும் இன்னும் 6 தடவை. மொத்தம் 14.7. ஐந்து கையிலிருக்கிறவன், ஆறில் ஐந்து பங்கு முடிந்துவிட்டது என்று நினைக்கிறான். உண்மையில் கொடுக்கவேண்டிய காசில் பத்தில் நான்கு பங்கு இன்னும் பாக்கி. சம வாய்ப்பு என்பது நான் தாராளமாக வைத்த நிபந்தனை. கடைசிச் சீட்டை அபூர்வமாக்கிவிட்டால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்லவேண்டியதில்லை. 2012 மே 18 அன்று நுகர்வோர் முகமை, இது 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏற்கனவே தடையிலிருக்கும் சீட்டுச் சேர்ப்புதான் என்று சொன்னது. அதற்கு முன்பே செய்தி கசிந்து, டிஎன்ஏ, அதன் போட்டியாளரான கிரீ இரண்டின் பங்குகளும் சரிந்திருந்தன. கம்பெனிகள் அந்த முறையைக் கைவிட்டன.

நல்ல காரியம். ஆனால் சட்டத்தின் கண்ணுக்குச் சீட்டுதான் தெரிந்தது. அந்த ஆறாவது சீட்டு எதற்கு வேண்டியிருந்தது என்ற கேள்வி சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. பக்கத்திலிருப்பவனிடம் அது இருந்தது. அவன் பக்கத்தை இவன் தினமும் வாழ்த்தப் போனபோது பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பெனிகளே தங்களுக்குள் எப்படிப் பழகின என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. கிரீக்கு விளையாட்டு செய்து கொடுப்பவர்களின் விளையாட்டுகளை மொபகேயில் கண்ணில் படாமல் செய்துவிடுவோம் என்று டிஎன்ஏ நிர்ப்பந்தித்ததற்காக, 2011 ஜூனில் நியாய வணிக ஆணையம் அதைக் கண்டித்து உத்தரவு போட்டது. பார்வைக்கு என்ன விலை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதே 2011 ஏப்ரலில் கிரீ, அமெரிக்காவின் ‘ஓப்பன்ஃபெயிண்ட்’ என்ற தளத்தை 10.4 கோடி டாலருக்கு வாங்கியது. ஐபோன் விளையாட்டுகளுக்குள் நண்பர் பட்டியல், சாதனைப் பட்டியல், யார் எத்தனை எடுத்தார் என்ற வரிசைப் பட்டியல் முதலியவற்றைக் கொடுத்துவந்த தளம் அது. இதைச் செய்தவர்களின் முதல் விளையாட்டான ‘அரோரா ஃபெயிண்ட்’, ஆடுகிறவர்களின் தொலைபேசிப் புத்தகத்தைத் தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பி நண்பர்களைக் கண்டுபிடித்ததற்காக 2008 ஜூலையில் ஆப்பிள் கடையிலிருந்து கொஞ்ச நாள் எடுக்கப்பட்டது. 2012 டிசம்பரில் கிரீ, ஓப்பன்ஃபெயிண்டை மூடியது. பல வருஷத்துப் பட்டியல்கள் போயின. அங்கே நண்பர்களாக இருந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த நாள் ஒருவரையொருவர் தேடியிருப்பார்கள்? மொபகே டவுனின் நாட்குறிப்புக்காரர்களாக இருந்தால் சிலராவது தேடியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

நாவலுக்கு வருகிறேன்.

கைபேசியில் எழுதிக் கைபேசியில் படிக்கும் நாவல்கள் ஜப்பானில் ஒரு காலத்தில் பெரிய வியாபாரம். 2007-ல் அங்கே அதிகம் விற்ற இலக்கியப் புத்தகங்களில் முதல் மூன்றும் இந்த ரகம். காதல், கர்ப்பம், வியாதி, மரணம். மொபகே டவுனிலும் எழுதினார்கள். அப்படி எழுதப்பட்டு 2009-ல் அச்சுப் புத்தகமாக வந்தது ‘ஓசாமா கேம்’, ராஜா விளையாட்டு. எழுதியவர் நொபுவாகி கனசாவா. எனக்கு ஜப்பானிய பாஷை தெரியாது. மூலத்தைப் படித்தவனல்ல, சித்திரக்கதையாக வந்ததையும் 2017-ல் வந்த அனிமேஷன் தொடரையும் வைத்துத்தான் பேசுகிறேன். ஆகவே நடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமுடியாது. அமைப்பைப் பற்றிச் சொல்லலாம்.

ராஜா விளையாட்டு என்பது ஜப்பானில் விருந்துகளில் ஆடுவது. குச்சி எடுக்கவேண்டும். ராஜா குச்சி வந்தவன், இந்த எண்ணும் அந்த எண்ணும் இன்னதைச் செய்யட்டும் என்று உத்தரவு போடுவான். நம் பிள்ளைகள் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவதன் குடிகார அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். நாவலில் ஒரு பள்ளி வகுப்பின் 32 மாணவர்களுக்கும் நள்ளிரவில் கைபேசியில் ராஜாவின் கடிதம் வருகிறது. வகுப்பில் எல்லாரும் கட்டாயம் ஆடவேண்டும். 24 மணி நேரத்துக்குள் உத்தரவு நிறைவேறவேண்டும். இல்லாவிட்டால் தண்டனை. பாதியில் விலக முடியாது. முதல் உத்தரவு, இரண்டு பேர் முத்தமிடவேண்டும் என்பது. விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். பிறகு மீறியவர்கள் சாகிறார்கள். ஓர் உத்தரவில் வகுப்பே ஓட்டுப் போடவேண்டும், இரண்டு பேரில் யாரைப் பிடிக்கும் என்று. குறைந்த ஓட்டு வாங்கியவருக்குத் தண்டனை.

பாத்திரங்கள் பேருக்குத்தான் இருக்கிறார்கள். சாவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. பத்தாவது சாவுக்குப் பின் வாசகனுக்கு எண்ணிக்கைதான் மிச்சம். ராஜா யார் என்பதற்குக் கடைசியில் தரப்படும் விளக்கம் சிறுபிள்ளைத்தனமானது. இதையெல்லாம் சொல்லிவிட்டு மேலே போகலாம், ஏனென்றால் இதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. நேரக்கெடு, கட்டாயப் பங்கேற்பு, எல்லார் கண் முன்னும் நடக்கும் ஓட்டு, விலக முடியாமை, உத்தரவைக் கொண்டுவரும் சின்னத் திரை. கைதோ ராயல் வருவதற்கு முன்பே மொபகேயில் எழுதப்பட்ட கதை இது. சும்மா பேசிக்கொண்டிருந்த திண்ணையில் உட்கார்ந்துகொண்டே, அந்தத் திண்ணை எதுவாக ஆகப்போகிறது என்பதை ஒருவர் எழுதிவிட்டார். தெரிந்து எழுதினாரா என்பது முக்கியமில்லை. கதாநாயகனுக்குத் தன் பெயரையே வைத்திருக்கிறார். அது எனக்கு வெறும் தந்திரமாகப் படவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வகுப்பில் யாரும் யாருக்கும் தனிப்பட்ட விரோதியல்ல. உத்தரவு வந்த பிறகுதான் ஒருவன் இன்னொருவனை அளந்து பார்க்கிறான். இவன் எனக்கு ஓட்டுப் போடுவானா, எனக்காக இதைச் செய்வானா. அளக்க ஆரம்பித்ததுமே நட்பு போய்விடுகிறது, அதற்குப் பிறகு அவன் உதவியே செய்தாலும். கொலைகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நான் தினமும் ஐம்பது பேரை வாழ்த்திக்கொண்டிருந்த அந்தப் பக்கம்தான். மொபகேயின் கதைப் பகுதி பின்னால் பிரிந்து, 2010-ல் டோகோமோவோடு கூட்டாக ‘எவரிஸ்டா’ என்ற தனிக் கம்பெனியாயிற்று. டிஎன்ஏ 2011 கடைசியில் யோகோஹாமாவின் பேஸ்பால் அணியை வாங்கியது. மொபகே என்ற பெயரையே அணிக்கு வைக்க விரும்பி, அது சரக்கின் பெயர் என்ற ஆட்சேபத்தால் கம்பெனிப் பெயரை வைத்தார்கள். 2024-ல் அந்த அணி ஜப்பான் தொடரை வென்றது.

நம்மிடம் ஒருவர் கேட்கலாம். முந்நூறு பிரதி அச்சடித்து, எழுதுகிறவர்களே படிக்கிறவர்களாக, நீ என் கவிதையைப் பற்றி எழுது, நான் உன் தொகுப்புக்கு முன்னுரை எழுதுகிறேன் என்று இருக்கும் நாமும் நட்புப் புள்ளி சேர்க்கிறவர்கள்தானே? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. சில இதழ்களின் மதிப்புரைப் பக்கங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. என் கட்டுரைக்கு நீங்கள் பதில் எழுதாமலிருக்கலாம். பதில் எழுதாததால் இந்தப் பத்திரிகையில் உங்களுக்கு எதுவும் குறையாது. எனக்கும் எதுவும் பாக்கியில்லை. ஒருவர் ஆறு வருஷம் மௌனமாக இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு நல்ல கவிதையை அனுப்புகிறார், போடுகிறோம். மொபகேயின் இரண்டாவது அவதாரத்தில் மௌனத்துக்கு இடமே கிடையாது. மௌனமாக இருப்பவனின் பெட்டியிலிருந்து பொருள் போய்க்கொண்டே இருக்கும்.

ராஜா விளையாட்டின் மூலத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். கைபேசி நாவல்களின் வரிகள் மிகச் சிறியவை, இடையில் நிறைய வெற்றிடம் விட்டு எழுதப்படுகிறவை என்கிறார்கள். ராஜாவின் உத்தரவுகளும் பாத்திரங்களின் சொந்தப் பேச்சும் மூலத்தில் ஒரே நீளத்தில், ஒரே தொனியில் இருக்கின்றனவா, அல்லது வேறுபடுகின்றனவா? ஒரே மாதிரி இருந்தால் நான் அந்த நாவலுக்குக் கொடுத்த இடம் அதிகம். ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்த நண்பர்கள் யாராவது பார்த்து எழுதினால் இந்த இதழிலேயே போடலாம்.